அப்பாவை ஏற்றும் வண்டியின் புதுச் சில்லுகள்

நான் றெக்ஷன். வயது இருபத்தைந்து. இருப்பது அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ணுக்குப் பக்கத்தில் டண்டினோங் என்ற இடத்தில். இப்போது நிற்பது நான் வேலை செய்யும் ரயர்க் கடையின் பின்னறையில். குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் இல்லாத ஊர்ச் சனத்துக்கும் இதை அனுப்பப் போகிறேன், அதனால்தான் பெயரிலிருந்து தொடங்குகிறேன். கை முழுக்கக் கிறீஸ். நான் வாயால் சொல்லச் சொல்லப் போன் எழுதுகிறது. நாங்கள் கதைக்கிற மாதிரிக் கதைத்தால் இதற்கு விளங்குவதில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு டபிள்கப் பிக்கப் வண்டி இன்றைக்கு ஓடக்கூடாது. முன் இடது பக்கச் சில்லு கழன்று போகலாம். இங்கே பகல் பன்னிரண்டரை, அங்கே ஊரில் காலை ஏழு. எட்டு மணிக்கு என் அண்ணை டிலோன் அப்பாவை டயாலிசிஸுக்கு ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் வெளிக்கிடுவார். அண்ணையின் போன் நிறுத்தியிருக்கிறது. அம்மாவின் போன் அடித்து அடித்து ஓய்கிறது. வெளியில் போகும்போது அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது அவருடைய பழக்கம். வேலணையில் இருக்கும் யூலியானா அக்காவுக்கு அனுப்பியதற்கு ஒற்றைச் சரி அடையாளம்தான் விழுந்திருக்கிறது, இன்னும் போய்ச் சேரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஊர்காவற்றுறை றோட்டுக்கு வர அரை மைல் தரவையை, அந்த உவர் வெட்டவெளியை, கடக்க வேண்டும். மாரி பெய்தால் அது முழுக்க வெள்ளம். போன மாரியில் வண்டி நடுத் தரவையில் புதைந்துவிட்டது. அப்பாவைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி நாலு பேர் முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். போய்ச் சேர நேரம் தப்பிவிட்டது. அடுத்த நாள் மூச்சு எடுக்க முடியாமல் அவரை ஒட்சிசனில் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அண்ணை பெரிய ரயர் பூட்டுகிற கதையைத் தொடங்கினார்.

"யாழ்ப்பாணத்திலை ஒரு செற் பாத்தனான். இரும்பு றிம். ரெண்டு பக்கமும் நாலு விரலுக்கு வெளியிலை நிக்கும். வண்டி நண்டு மாதிரி இருக்கும்."

"மட்காட்டுக்கு வெளியிலை சில்லு நிக்கக்கூடாது அண்ணை. பொலிஸ் மறிக்கும்."

"இஞ்சத்தைப் பொலிஸுக்கு உன்ரை அவுஸ்திரேலியாச் சட்டம் தெரியுமோ?"

"பொலிஸை விடுங்கோ. அவ்வளவு வெளியிலை நிண்டால் பேரிங் போகும். ஸ்டியறிங் ஒரு பக்கம் இழுக்கும். அப்பாவை ஏத்திற வண்டி."

"சரி ஐயா. நீங்கள் எஞ்சினியர், நான் மீன்காரன். நீங்களே ஒரு சில்லைச் சொல்லுங்கோ."

மூன்று கிழமை நான் அதையேதான் பார்த்தேன். இங்கே இப்படியான வண்டிக்குப் பழைய உயரத்தைவிட ஐம்பது மில்லிமீற்றருக்கு மேல் ரயர் உயரக்கூடாது என்று எங்கள் கடையில் பார்ப்பார்கள். அதற்குள் நின்றேன். அண்ணை வலை நூலால் நட்டுக்கு நட்டு அளந்து, நூலை அடிமட்டக் கோலில் பிடித்துப் படம் அனுப்பினார். இடைவெளிக்குக் கட்டை போட்டுப் பூட்டுகிற வேலை வேண்டாம் என்று, நேரே பொருந்துகிற றிம்மைத் தேடினேன். றிம்மின் பின்பக்கத்தில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அடித்திருப்பார்கள். அதைப் பார்க்கிறதுக்காக ஐஸ் பெட்டி எத்தனை, பின்னால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டேன்.

"எட்டுப் பேர் எண்டு போடு. திருநாளுக்குப் பதினாலு."

பதினாலுக்கே பார்த்தேன். படகு இழுக்கக் கடலுக்குள் இறங்குகிற வண்டி, இரும்பு என்றால் கறள் பிடிக்கும் என்று அலுமினிய றிம்மாக எடுத்தேன். நாலையும் கம்பளியால் சுற்றிக் கப்பல் பெட்டியில் போட்டேன். ரயரை அண்ணை யாழ்ப்பாணத்தில் எடுத்தார். பூட்டின அன்றைக்கு வீடியோவில் சொன்னேன்: "கடலுக்கை இறங்கின வண்டியை அப்பிடியே விடாதேங்கோ. ஒவ்வொரு நாளும் சில்லுக்கும் நட்டுக்கும் வடிவாத் தண்ணி ஊத்திக் கழுவவேணும்."

அம்மா அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஒரு சில்லுக்கு மூன்று வாளி. ஒவ்வொரு பின்னேரமும் எனக்குப் படம் வரும்.

"தம்பி, நாலும் கழுவிப்போட்டன். உன்ரை அண்ணை முகம் கழுவினானோ தெரியாது, சில்லு கழுவியாச்சு."

இந்த மாரியில் வண்டி ஒரு நாளும் புதையவில்லை. தரவைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற வீடியோவில் அப்பா முன் சீற்றில் இருந்து கை காட்டுவார். நான் இங்கே வந்து நாலு வருடம். வீட்டுக்குச் சரியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான் என்று நினைத்தேன். அந்த வீடியோவைக் கடையில் எல்லோருக்கும் காட்டினேன்.

நேற்று அண்ணை போன் எடுத்தார்.

"டேய், முன் இடது சில்லிலை ஒரு போல்ற் முறிஞ்சுபோச்சு. நட்டு இறுக்கமாக் கிடந்தது எண்டு ஸ்பானரிலை பைப்பைச் செருகி ஏறி நிண்டனான். டக்கெண்டு கேட்டுது."

"மிச்சம் எத்தினை?"

"ஆறிலை அஞ்சு. ஒருத்தன் வேலைக்கு வராட்டி மற்ற அஞ்சு பேர் இழுக்கிறேல்லையே?"

"நட்டைச் சுத்தி வெள்ளையா ஏதும் கிடக்கோ?"

"கொஞ்சம் பூத்துக் கிடக்கு. அம்மா நாளும் கழுவுறா, பிறகென்ன? நாளைக்கு அப்பாவைக் கொண்டு போகலாமோ ஏலாதோ, அதைச் சொல்லு."

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "அவனை மினக்கெடுத்தாதை. போகாட்டி எனக்கு மூச்சு முட்டும், அது உனக்கும் தெரியும்."

நான் யோசித்தேன். ஐந்து இருக்கிறது, மெல்லப் போனால் போகலாம், திரும்பி வந்தபிறகு மாற்றலாம் என்று நினைத்தேன். "ஓம், ஓடலாம். மெல்லப் போங்கோ" என்று சொன்னேன். அந்த ஓம் நான் சொன்னது. அண்ணையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன்.

இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கடைக்கு ஒரு வண்டி வந்தது. கடற்கரையில் மீன் பிடிக்கப் போகிற ஒரு வயதான வெள்ளைக்காரருடையது. அதே மாதிரி அலுமினிய றிம். நான் நட்டைக் கழற்றினேன். முதலாவது போல்ற் கையோடு வந்தது. இரண்டாவதும் வந்தது. நான் பலம் போடவே இல்லை, விசுக்கோத்து முறிகிற மாதிரி முறிந்தது. கடலிலிருந்து வந்து கழுவுவதில்லையா என்று முதலாளி அவரிடம் கேட்டார். ஒவ்வொரு முறையும் கழுவுவேன், தோட்டத்துக் குழாய்க் கிணற்றுத் தண்ணீரால், என்றார் அவர். அந்தத் தண்ணீரே உப்பாக இருக்கும், நீ இவ்வளவு நாளும் உப்புத்தான் பூசியிருக்கிறாய் என்று முதலாளி சிரித்தார்.

ஸ்பானரைப் போட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடி வந்து போனை எடுத்தேன்.

எங்கள் வளவுக் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. அதை யாரும் சில்லுக்கு ஊற்றமாட்டார்கள். அம்மா கிணற்றிலிருந்துதான் அள்ளியிருப்பார், வேறு எதிலிருந்து அள்ளுவார்? பிறந்து இருபத்தொரு வருடம் அந்தத் தண்ணீரில் குளித்தவன் நான். நாலு வருடம் பைப்பைத் திறந்ததில் தண்ணீர் என்றால் தண்ணீர் என்று ஆகிவிட்டேன். நாலு மாதம், நாளுக்குப் பன்னிரண்டு வாளி, கடல் உப்பைக் கிணற்று உப்பால் கழுவியிருக்கிறோம். அதுவும் அலுமினியத்துக்கும் இரும்புக்கும் நடுவில் உப்பு நின்றால் அரிப்பு இன்னும் வேகம். மிஞ்சின ஐந்து போல்ற்றும் ஆறாவதைப் போலத்தான் இருக்கும். பாரம் இப்போது அந்த ஐந்தில்.

இவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு மேரிசுகந்தி அக்காவின் நம்பர் கிடைத்தது. அடித்தேன், எடுத்தார்.

"எட, றெக்ஷனே? என்ன விடியக் காத்தாலை?"

"அக்கா, ஓடிப்போய் அண்ணையைப் பிடியுங்கோ. வண்டியை எடுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"அவன் எப்பவோ போட்டான். ராத்திரி மழை, வெள்ளம் கூட எண்டு வெள்ளென வெளிக்கிட்டவன். கொம்மாவும் கூடப் போறா. போற வழியிலை வேலணையிலை அஞ்சலா வீட்டை மீன் பெட்டியும் இறக்கோணுமாம்."

"எத்தினை மணிக்கு?"

"ஏழடிக்கேக்கை. நீர் அழுறீரோ? என்னப்பன் நடந்தது?"

நான் வைத்துவிட்டேன். அவவுக்குச் சொல்ல நேரமில்லை.

இப்போது அங்கே ஏழு பதினைந்து. மெல்லப் போங்கோ என்று நான் சொன்னபடியால் அண்ணை மெல்லத்தான் போவார். மீன் பெட்டி இறக்க நின்றால் இன்னும் வேலணையைத் தாண்டியிருக்கமாட்டார். பிறகு அல்லைப்பிட்டி. பிறகு பண்ணைப் பாலம், இரண்டு பக்கமும் கடல். வழியில் பொலிஸ் நிற்பார்கள், ஆனால் மறிக்கமாட்டார்கள். சில்லு மட்காட்டுக்குள்ளே நிற்கிறது, உயரம் அளவாக இருக்கிறது, வண்டிப் புத்தகமெல்லாம் சரி. பார்க்கிறவனுக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லாத மாதிரி நான்தான் தெரிந்தெடுத்தேன். அண்ணை கேட்ட அந்த நண்டுச் சில்லைப் பூட்ட விட்டிருந்தால், இன்றைக்கு ஒரு பொலிஸ்காரனாவது கையை நீட்டி வண்டியை ஓரம் கட்டியிருப்பான்.

நான் வந்து மறிக்க ஏலாது. விசா விண்ணப்பம் முடியாமல் இங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டார்கள். வெளிக்கிட்டாலும் ஒரு நாள் பயணம், அவர்களுக்குப் பாலத்துக்கு அரை மணித்தியாலம். முதலாளி கதவைத் தட்டுகிறார். அண்ணைக்கு இன்னொருக்கால் அடித்தேன். இன்னும் நிறுத்தித்தான் இருக்கிறது.

இதை வாசிக்கிற ஆராவது வேலணையிலோ அல்லைப்பிட்டியிலோ றோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் வெளியில் வந்து நில்லுங்கள். வெள்ளை டபிள்கப், பின்னால் நீலத் தார்ப்பாய்ப் படங்கு கட்டியிருக்கும், முன் சீற்றில் அப்பா எமிலியானுஸ் வெள்ளைத் துவாய் போர்த்தபடி இருப்பார். நடு றோட்டில் நின்று கை காட்டி மறியுங்கள். அண்ணை ஏசினாலும் விடாதீர்கள், தம்பி சொன்னதென்று சொல்லுங்கள். அப்பாவை ஓட்டோவில் ஏற்றி ஆசுப்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். மறித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.