அப்பா, நூறு மீட்டரில்

மானாம்பதிப் பள்ளிக்கூடத்தில் சத்யநாராயணன் சார் என்றாலே பிள்ளைகளுக்குச் சிம்மசொப்பனம். கேள்வியை முழுசாகப் படிக்காமல் பதில் எழுதுகிறவன் மடையன் என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர். அப்பேர்ப்பட்டவர்தான் சொந்த மகள் சொன்னதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். ஊருக்குத்தானே உபதேசம்!

மகள் மாதவியும், காவாந்தண்டலத்து ஓரக் குடியிருப்பிலிருந்து வரும் தேவியும் இன்ஜினியரிங் கடைசி வருஷம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கைப்பட்டை செய்திருந்தார்கள். உள்ளே குட்டி ரேடியோ, ஒரு பேட்டரி. கூடவே போனில் ஒரு ஆப். பட்டை கட்டிய சிநேகிதர்கள் கிட்டத்தில் வந்தால் கை அதிரும், போனில் பேரும் தூரமும் தெரியும். திருவிழாக் கூட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் தேடி அலைய வேண்டாமே என்று செய்தது. அதைப் பார்த்துவிட்டு பெங்களூரில் ஒரு கம்பெனி இருவரையும் வேலைக்குக் கூப்பிட்டது. தேவி வீட்டில் சரி என்றுவிட்டார்கள். மாதவிக்குத்தான் அப்பா வாயிலிருந்து அந்த ஒரு 'சரி' வரவேண்டியிருந்தது. வராவிட்டால் வேலை போச்சு.

"எனக்கும் ஒண்ணு குடு. நீ எங்க போறே, எங்க வரேன்னு ஒரு வாரம் பாக்கறேன். அப்புறம் சொல்றேன்," என்றார் அவர்.

"அப்பா, இது கிட்டத்துல இருந்தாத்தான் காட்டும். அதோட, ரெண்டு பக்கமும்..."

"தெரியும், தெரியும். குடு."

என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. மறுநாள் காலை அவள் தெருமுனை தாண்டியதுமே போனிலிருந்து பேர் மறைந்துவிட்டது. மனுஷர் பதறிப்போனார். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனால் பேர் வந்தது, நின்றால் போனது. சரி, போய்க்கொண்டே இருப்போம் என்று முடிவு கட்டிவிட்டார்.

இதில் கூத்து என்னவென்றால், அவர் கிட்டே வரும்போதெல்லாம் மாதவியின் கையும் அதிர்ந்தது. பஸ் ஸ்டாண்டில் அதிர்ந்தது, காலேஜ் வாசலில் அதிர்ந்தது, ஜெராக்ஸ் கடையில் அதிர்ந்தது. கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஜூஸ் குடிக்கப் பார்த்த ஆளை முதலில் கண்டுபிடித்தது தேவிதான்.

"இன்னாடி, உங்கப்பாவுக்கு வேற வேலையே இல்லியா? நம்ம பின்னாலயே சுத்திக்கினு கீறாரு!"

மாதவிக்குச் சிரிப்பு வரவில்லை. மானம் போனது. ராத்திரி சாப்பிடும்போது, "இன்னிக்கு ஸ்கூல்ல ஒரே வேலை," என்று அப்பா கூசாமல் சொன்னார். அவள் அவருக்கு ரசம் ஊற்றினாள். கேட்டால் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொண்டால் 'சரி' வராது. நம்பாத ஆளிடம் போய் அனுமதிக்குக் காத்துக் கிடக்கிறோமே என்று பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை இருவரும், பட்டை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க ஏரிக்கரைக்குப் போனார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வழக்கம்போல 'அப்பா, நூறு மீட்டர்' என்று போன் காட்டியது. மற்ற நாளெல்லாம் இவர்கள் நடந்தால் அவரும் நகர்வார். அன்றைக்கு நடக்க நடக்கத் தூரம் கூடிக்கொண்டே போனது.

"இன்னா, சார் வரல?" என்றாள் தேவி.

மாதவிக்கு அப்போதுதான் சுருக்கென்றது. அப்பாவுக்கு இன்று ஏகாதசி விரதம்! பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாதே! வந்த வழியே ஓடினாள்.

பனைமரத்தடியில், சாய்ந்து கிடந்த ஸ்கூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்லடி. லேசா தலை சுத்தித்து."

தேவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"ஏகாதசிம்மா."

"மயக்கம் போட்டு வியுந்தா பெருமாளா வந்து தூக்குவாரு? குடிங்க சார்!"

குடித்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து காத்துவந்த விரதம் அரை பாட்டில் தண்ணீரில் முடிந்தது.

முகத்தில் கொஞ்சம் களை வந்ததும் மாதவி கேட்டே விட்டாள். "எதுக்குப்பா பின்னாலயே வரேள்? என்னை நம்பலையா?"

"நம்பாம இல்லடி. பேர் மறைஞ்சுடறது. மறைஞ்சா எனக்கு வீட்டுல உக்கார முடியலை."

"பெங்களூர் போனா இதுல என் பேர் வரவே வராதுப்பா."

அவர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். பிறகு தேவி பக்கம் திரும்பினார்.

"இவ பேர் மறைஞ்சா நீ தேடுவியாம்மா?"

"தேடாம? இவள வுட்டா அந்த ஊர்ல எனக்குத்தான் யாரு கீறாங்க சார்?"

"சரி," என்றார். "ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ."

நான் ஓட்டுகிறேன் என்று மாதவி ஸ்கூட்டரைப் பிடித்தாள். அவர் விடவில்லை. லீவெல்லாம் தீர்ந்துபோச்சு, மத்தியானமாவது ஸ்கூலுக்குப் போகணும் என்று கிளம்பிவிட்டார். போனில் தூரம் ஏறிக்கொண்டே வந்தது. பிறகு அப்பாவின் பேர் மறைந்தது.

எந்தப் பேர் ஒழிய வேண்டும் என்று வாரம் பூராவும் கருவிக்கொண்டிருந்தாளோ, அந்தப் பேர். மாதவி போனைத் தட்டிப் பார்த்தாள். பிறகு செருப்பு கழன்றதைக்கூடக் கவனிக்காமல் கரையில் ஓட ஆரம்பித்தாள். கைப்பட்டை ஒருமுறை அதிர்ந்தது, பேர் வந்து மறுபடி போனது.

"அதான் சரின்னுட்டாரே! இன்னும் எதுக்குடி ஓடிக்கினு கீற?" என்று தேவி பின்னாலிருந்து கத்தினாள்.

மாதவி நிற்கவில்லை.