மூக்கு அக்காவின் மஜ்ஜை

ஆஸ்பத்திரியில் கருவிகளில் கிருமி நீக்கும் அறையில் அவளுக்கு மூக்கு அக்கா என்று பேர். மூக்கொன்றும் அப்படி நீளமில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் நீராவி பட்டால் சுருண்டுவிடும். அதனால் அவற்றை ஒரு பெட்டிக்குள் அடைத்து எத்திலீன் ஆக்சைடு வாயுவை விடுவார்கள். பிறகு வாயு முழுக்க வெளியேறும்வரை கதவைத் திறக்கக் கூடாது. வெளியேறிவிட்டதா என்று சொல்ல வேண்டிய மீட்டர் என்றைக்கோ மண்டையைப் போட்டுவிட்டது. "ரிப்பேருக்கு எழுதிப் போட்டாச்சு" என்பார் மேலதிகாரி. எழுதிப் போட்டதோடு ஆபத்தும் போய்விட்டதாக அந்த மகானுக்கு நினைப்பு. தியேட்டரிலிருந்தோ போன் மேல் போன். அக்கா கதவை ஒரு விரற்கடை திறந்து மோந்து பார்ப்பாள். லேசாகத் தித்திப்பு வாடை வந்தால் மூடிவிடுவாள். வராவிட்டால் எடுக்கலாம். அவள் மூக்குதான் அங்கே மீட்டர்.

தங்கைக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். தங்கையின் புருஷன் எப்போதோ கைகழுவிவிட்டுப் போனதிலிருந்து அவளும் அவள் சின்னப் பெண்ணும் அக்கா வீட்டில்தான். தங்கையைக் கதவுப் பக்கமே விடமாட்டாள். தான் மோந்து பார்த்து, "ஒண்ணுமில்ல, எடுத்துக்கோ" என்று சொன்ன பிறகுதான் அவள் தட்டுகளை இழுக்க வேண்டும். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடுமே.

அந்தத் தங்கைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, வாய் மட்டும் குறையவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்கலாம் என்றார்கள். பரிசோதித்ததில் அக்காவுடையது அச்சு அசலாகப் பொருந்தியது.

"சின்ன வயசுல ஒரு நல்ல சட்டை குடுத்திருப்பியா எனக்கு? இப்ப வட்டியும் முதலுமா வசூல் பண்றேன் பாரு" என்றாள் தங்கை. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அக்கா வயிறாரச் சாப்பிட்டாள்.

மஜ்ஜை எடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை. அது முடிந்ததும் டாக்டரம்மா அக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க மஜ்ஜையிலயும் சில செல்லுல குரோமோசோம் உடைஞ்சு தப்பா ஒட்டியிருக்கும்மா. உங்க தங்கச்சிக்கு இருக்கிற அதே கோளாறுதான்."

"எனக்கு ஒரு தலைவலிகூட இல்லையே டாக்டர்."

"இன்னும் நோயா மாறல. மாறாமலே போகலாம். மாறவும் செய்யலாம். எங்க வேலை பாக்கறீங்க?"

சொன்னாள். மோந்து பார்ப்பதையும் சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அந்த வாடை மூக்குக்கு எட்டணும்னாலே, ஆபத்தான அளவைப் போல பல மடங்கு வாயு இருக்கணும்மா. வாடை இல்லேன்னா வாயு இல்லேன்னு அர்த்தமில்ல. அது செல்லுக்குள்ள போய் டி.என்.ஏ.வுல ஒட்டிக்கும். செல் தன்னை நகல் எடுக்கும்போது அந்த இடத்துல பிழை விழும். உடம்பு முக்காவாசியத் திருத்திடும். திருத்தாம விட்டது தங்கிடும்."

"அப்ப இதெல்லாம் அதனாலதானா?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. கதிர்வீச்சு, சிகரெட், வயசு, ஏன், காரணமே இல்லாமக்கூட பிழை விழும்."

காரணமே இல்லாமல் என்ற வார்த்தையை ஆஸ்பத்திரி நிர்வாகம் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும், சந்தேகமில்லை. அக்காவால் பிடித்துக்கொள்ள முடியவில்லை. எடுத்துக்கோ, எடுத்துக்கோ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அதுவும் காவல் காக்கிறோம் என்ற பெருமையோடு.

"எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் டாக்டர். எடுத்து அவளுக்கு வைங்க."

"வெச்சா அதே நோயைத்தான் அவங்களுக்குத் திருப்பிக் குடுக்கறோம். பொருந்தற வேற ஆளை வெளியில தேடறோம். ஆனா அதுவரைக்கும் அவங்க உடம்பு தாங்கணும்..."

வார்டுக்குப் போகிற வழியெல்லாம் அக்கா பொய்களை யோசித்தாள். தேதி தள்ளிப் போயிருக்கு, மெஷின் கெட்டுப் போச்சு. உள்ளே நுழைந்ததும் தங்கை எழுந்து உட்கார்ந்தாள்.

"எப்பவாம்? நாளைக்கேவா?"

ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

"என்னுது ஆகாதாம்டி. எனக்கும் அதே கோளாறு ஆரம்பிச்சிருக்காம்." அதற்கு மேல் அடக்க முடியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். "வாடை இல்லேன்னு நான்தானே சொன்னேன். நான்தான்டி உன்னக் கொன்னேன்."

நோயின் பெயரைக் கேட்ட அன்றும் அழாதவள் தங்கை. அக்கா சொன்ன கடைசி வார்த்தைகள் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அக்காவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். கண் நிரம்பிவிட்டது.

"நான் போனாலும் பாப்பாவ நீ பாத்துப்பேன்னுதான் தைரியமா இருந்தேன். நீயும் போயிட்டா அவளுக்கு யாருக்கா இருக்கா?"