இடப்பக்க இருமல்

மருந்துக்கடைக்காரர் இறந்த மறுவாரத்திலிருந்து, அவருடைய காரில் இடது இண்டிகேட்டரைப் போட்டால் டிக் டிக் சத்தத்துக்குப் பதில் அவர் இருமுவது கேட்டது. வலது பக்கம் போட்டால் வழக்கமான சத்தம்தான். தெருவில் கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு அவரவர் பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். கடையை இப்போது நடத்தும் மனைவிக்கு ஆச்சரியமும் இல்லை, அழுகையும் இல்லை. சாவு வீட்டிலேயே அவள் அழவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. கூப்பிடு தூரத்திலிருந்த கடைக்கு, இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி ஊரைச் சுற்றிப் போனாள். ஒவ்வொரு இருமலுக்கும் "தண்ணி குடிங்க" என்றாள். இருமல் நிற்காது. உயிரோடிருந்தபோதும் மனுஷன் அவள் பேச்சைக் கேட்டவரில்லை.

இரண்டாவது வருடம் டாஷ்போர்டுக்குக் கீழே புகைந்து, பள்ளிக்குப் போகக் காரில் ஏறிய மகளின் கணுக்காலைச் சுட்டது. "அப்பா இருமட்டும்மா. ஆனா ஒருநாள் நம்மளையும் சேத்துக் கொளுத்திடப் போறார்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தே போனாள். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். வயர்களின் மேலுறை தொட்ட இடமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வழக்கமாகப் பழையதை மொத்தமாக வெட்டி எறிந்துவிட்டுத்தான் அவர் புதியதை இழுப்பார். அம்மா ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னாள். ஒரு வயரை மாற்றுவதும் இண்டிகேட்டரைப் போட்டுக் கேட்பதுமாக வேலை இழுத்துக்கொண்டே போனது. ஹெட்லைட் வயர் போனது, இருமல் இருந்தது. ஹாரன் வயர் போனது, அப்போதும் இருந்தது. எலக்ட்ரீஷியன் முகம் சுளிக்கவில்லை. கடையில் மாத்திரை வாங்க நின்றபோதெல்லாம் கேட்ட இருமல்தானே.

கடைசியில் இடது விளக்குக்குப் போகும் வயரில் ஓர் ஒட்டு அகப்பட்டது. எப்போதோ அறுந்ததை மருந்துக்கடைக்காரரே முறுக்கி, டேப்புக்குப் பதில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியைச் சுற்றியிருந்தார். அது கருகியிருந்தது.

"அக்கா, புகை இங்கேருந்துதான் வருது. அண்ணன் இருக்கறதும் இங்கதான் போல. என்ன பண்ணட்டும்?"

பக்கத்தில் நின்ற மகளின் கணுக்காலில் அதே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள்.

"வெட்டுங்க தம்பி."

மறுநாள் மகள் காரில் ஏறினாள். முதல் திருப்பத்தில் எல்லா வண்டிகளையும் போல டிக் டிக் என்றது. அம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பழக்கத்தில் வாய் மட்டும் "தண்ணி குடிங்க" என்றது. சத்தம் நின்றது. ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம் நின்று, மறுபடி தொடங்கியது. அவள் வண்டியை ஓரம் கட்டி, அதுவரை வராத அழுகையை அழுது முடித்து, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடையைத் திறந்தாள். எலக்ட்ரீஷியன் மறுபடி வந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, வயரிங்கில் கோளாறு எதுவும் இல்லை என்றார். இப்போதும் தினமும் அந்தத் திருப்பத்தில் அவளுக்குப் பின்னால் வருகிறவர்கள், விளக்கு நின்று மறுபடி மினுங்கும் வரை ஹாரன் அடிக்காமல் காத்திருக்கிறார்கள்.