முட்டி இல்லாத பெண்கள்

என் அக்காவுக்கு ஒரு கோடு நேராகப் போட வராது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக என் படங்களில் குறை கண்டுபிடிப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. அவள் சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை வேறு. மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். முட்டி, முதுகு, கழுத்து என்று வலியோடு வருகிறவர்களை நிற்க வைத்து, குனிய வைத்து, நடக்க வைத்து அனுப்புகிறவள். நான் கணினியில் படம் வரைகிறவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், அடுத்தடுத்த அறைகளில், அம்மாவின் பொறுமையைச் சோதித்துக்கொண்டு இருக்கிறோம்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். சட்டென்று வெடிப்பேன் என்பதால் வீட்டில் எனக்குக் ‘கடுகு’ என்று பெயர். முதன்முதலாக டேப்லெட் வாங்கியபோது, இணையத்தில் எல்லாரும் கொண்டாடிய ஒரு பாணியைப் பிடித்துக்கொண்டேன். பெரிய கண்கள், எண்ணெய் தடவியது போன்ற கன்னம், ஜன்னலே இல்லாத அறையிலும் பறக்கிற கூந்தல். நாலு நாள் உட்கார்ந்து ஒரு பெண்ணை வரைந்து போட்டேன். ஆயிரம் பேர் இதயம் விட்டார்கள். பெருமை தாங்காமல் அக்காவிடம் காட்டினேன்.

“அழகா இருக்கா,” என்றாள். “ஆனா இவளுக்கு முட்டி எங்கடீ?”

“கவுனுக்குள்ள இருக்கு.”

“இல்லவே இல்ல. இருந்தா துணி இப்படித் தொங்காது. அதோட, இடுப்பை இப்படி ஒடிச்சுட்டு நின்னான்னா ரெண்டே நாள்ல என்கிட்ட வந்துடுவா. நீயும் கொஞ்சம் நிமிந்து உக்காரு, கழுத்து போயிடும்.”

எனக்கு வந்ததே கோபம்! “உனக்கு என்ன தெரியும்? நீ வரையறது குச்சி மனுஷங்க!” என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அது உண்மைதான். நோயாளிகள் வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளை அக்கா சீட்டின் பின்பக்கம் வரைந்து கொடுப்பாள். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஐந்து கோடு, அவ்வளவுதான். ஆனால் எந்தக் குச்சிக்கு எங்கே வலிக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அதுதான் எனக்கு எரிச்சல். நாலு நாள் பாடுபட்டு வரைந்த என் பெண்ணுக்கு எங்கேயும் ஒன்றும் வலிக்கவில்லை. அன்றைக்கே, கதவைச் சாத்திய சூட்டோடு, அந்தக் கவுனை அழித்துவிட்டு அவளுக்கு முட்டி வரைந்தேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

அப்படியே வருஷங்கள் ஓடின. பிஸ்கட் டப்பா, பற்பசை விளம்பரம், கைபேசிச் செயலிகளுக்குச் சின்னச் சின்னப் படங்கள் என்று கிடைத்ததை எல்லாம் வரைந்தேன். அக்கா காப்பி டம்ளரோடு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று ஏதாவது சொல்வாள். நான் சீறுவேன். அவள் நகர்ந்ததும் திருத்துவேன்.

போன வருஷம்தான் அந்த மெயில் வந்தது. ஒரு பதிப்பகம், குழந்தைகளுக்கான படப்புத்தகம். லிஃப்ட் பழுதான ஆறு மாடிக் கட்டடத்தில் ஒரு தபால்காரம்மா பெரிய பார்சலைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற கதை. அட்டையில் என் பெயர் வரும். இதுவரை நான் வரைந்த எதிலும் என் பெயர் வந்ததில்லை, பிஸ்கட் டப்பாவில் யார் பெயர் போடுவார்கள்? ஆனால் என்னைப் போல இன்னும் இரண்டு பேரிடமும் மாதிரி கேட்டிருந்தார்கள். மூன்று பக்கம் வரைந்து, லேயர்களைப் பிரித்தபடியே அனுப்பவேண்டும். கூடவே, பின்னட்டையில் போடுவதற்கு ‘உங்களைப் பாதித்த கலைஞர்கள்’ என்று ஒரு பத்தி எழுதித் தரவேண்டும்.

லேயர் என்பது வேறொன்றுமில்லை. கணினியில் வரையும் படம், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி. மேலே இருப்பதை அணைத்தால் கீழே இருப்பது தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

பழைய செய்தித்தாள்களை அட்டைப்பெட்டியில் அடைத்து அக்காவின் கையில் கொடுத்து, எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் ஏறச் சொன்னேன்.

“எத்தனை தடவைடீ ஏறுறது?”

“வாயை மூடிட்டு ஏறு.”

“பாரு, மூணாவது மாடி தாண்டினா தோள் தானா காதுகிட்ட போயிடும். முட்டி வலிக்கிறவங்க நல்ல காலை முதல்ல மேல வெப்பாங்க.”

“அப்படியே நில்லு, அசையாதே!”

நன்றாக வந்தது, நானே சொல்கிறேன். வலியும் வியர்வையுமாக, விடாப்பிடியாக ஒரு அம்மா படியேறினாள். அதன் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. மெயிலில் பெயர் இருந்த மற்ற இரண்டு பேரின் படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். பளபளவென்று மின்னின. அவற்றின் பக்கத்தில் என் தபால்காரம்மா அழுது வடிந்தாள். அவ்வளவுதான், அவள் மேல் புதிதாக ஒரு லேயர் போட்டு எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிட்டேன். தோள் இறங்கியது, கன்னம் மின்னியது, முட்டி மறைந்தது. பத்தியில், வாயில் நுழையாத பெயர்கொண்ட மூன்று ஓவியர்களைப் போட்டேன். அதில் ஒருவருடைய படத்தை அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்திருந்தேன். அனுப்பியும் விட்டேன்.

அனுப்பிய பத்தாவது நிமிஷம் எனக்குப் பகீரென்றது. லேயர் பெயர்களை மாற்றவே இல்லை! வரைகிற அவசரத்தில் வாய்க்கு வந்ததைத்தான் பெயராக வைப்போம். கோப்பைத் திறந்து பார்த்தேன். ‘அக்கா முட்டி’. ‘அக்கா தோள், மூணாம் மாடி’. ‘அக்கா பின்பக்கம், பெரிசு’. ‘அக்கா சொன்னதுதான் சரி, நாசமாப் போக’. எல்லாவற்றுக்கும் கீழே, ‘அந்தம்மா கேட்ட மஞ்சள், கண்றாவி’. அந்தம்மா என்பது பதிப்பாசிரியர். பின்னணி மஞ்சளாக இருக்கட்டும் என்று சொன்னவர் அவர்தான்.

“அக்கா, போச்சு! எல்லாம் போச்சு!” என்று ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். அவள் கவலைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

“பெரிசா? எதுடீ பெரிசு?”

இரண்டு நாள் கழித்து நேரில் வரச் சொன்னார்கள். பதிப்பாசிரியரின் அறையில் புத்தகக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசை, மேசையில் நுனி கடித்த பென்சில்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார்.

“வாங்க, உக்காருங்க. அந்தம்மா நான்தான்,” என்றார்.

“மன்னிச்சிடுங்க மேடம்...”

“மஞ்சள் கண்றாவிதான். போட்டுப் பார்த்ததும் எனக்கே தெரிஞ்சுது. அதை விடுங்க.” திரையை என் பக்கம் திருப்பி, மேலே இருந்த லேயரை அணைத்தார். வழவழப்பு போனது. என் தபால்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். “இவங்களை எதுக்குங்க மூடி வெச்சீங்க? மேல இருந்ததைப் பார்த்துட்டு, வேற ஒருத்தருக்கே கொடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். இந்தப் பேரெல்லாம் கண்ணுல படலைன்னா கீழ என்ன இருக்குன்னு பார்த்தே இருக்க மாட்டேன்.”

“குழந்தைங்களுக்குப் பளிச்சுனு இருந்தாத்தான் பிடிக்கும்னு நெனச்சேன்.”

“அதுங்களும் மாடி ஏறுதுங்கதானே? கால் வலின்னா என்னன்னு தெரியும்.” நான் எழுதிய பத்தியை எடுத்து நீட்டினார். “இதுல மூணு பேர் இருக்காங்க. உங்க படத்துல ஒருத்தர்தான் இருக்காங்க. யாருங்க அந்த அக்கா? எங்க வரையறாங்க?”

“வரைய மாட்டாங்க மேடம். முட்டி பார்க்கறவங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மேசையில் விழுந்தது. புத்தகம் எனக்குக் கிடைத்தது. வீடு வரைக்கும் என் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: ‘இந்தப் படங்களில் வருகிறவர்களுக்கு முட்டி வைத்தது என் அக்கா.’

அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அக்காவிடம் நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பின்னட்டையில் இருந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

“அந்தம்மா படிக் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடிச்சிருக்கணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மனசு சுருங்கிப் போனது எனக்கு. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாயா வெந்துபோகும்?

மறுநாள் மேசையில் இருந்த அந்தப் பிரதியைக் காணோம். மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

“கடுகு, புத்தகத்தை நான்தான் எடுத்துட்டு வந்தேன். இங்க நோயாளிங்க காத்திருக்கிற இடத்துல வெச்சிருக்கேன். இப்ப ஒரு பெரியவர் வந்தார்டீ. நடக்கவே கஷ்டப்படறவர். உக்காந்து உன் புத்தகத்தைப் புரட்டிட்டிருந்தார். நாலாவது மாடிப் படம் இருக்குல்ல, அதுல விரலை வெச்சுட்டு என்னைக் கூப்பிட்டார்.”

“என்ன கேட்டார்?”

“‘இந்தம்மாவுக்கும் வலது முட்டிதானா?’ன்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னேன்.” பிறகு குரல் கரகரக்கச் சொன்னாள். “என் தங்கச்சிதான் வரைஞ்சான்னும் சொன்னேன்.”

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டை எடுத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு வரைய ஆரம்பித்தேன்.