பத்தொன்பதாவது வட்டம்

மார்ச் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை காலை, ரொடோப்பி மலையிலுள்ள லூகோவோ கிராமத்தில் பத்தொன்பது கூரைகள் மேல் கூரைக்கொன்றாகச் சிவப்பு நட்சத்திரங்கள் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. ஓடுகள் உடையவில்லை, பனி மட்டும் உருகியது. பஸ் வழக்கம்போல இருபது நிமிடம் தாமதம்.

அந்தப் பத்தொன்பது வீடுகள் ஏன் என்பது மலையுச்சி வானாய்வகத்தில் வேலைபார்த்த நெவேனாவுக்கு மட்டுமே தெரியும். பக்கத்து விண்மீன் மண்டலத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகட்டில், சாகக் கிடக்கும் பெரிய நட்சத்திரங்களைத் தேடி மையால் பத்தொன்பது வட்டம் போட்டவள் அவள்தான். அந்த மண்டலத்தின் நடுவில் ஒன்றுகூட இல்லை. அதன் சுருண்ட கைகளின் ஓரமாகவே கொத்துக் கொத்தாக இருந்தன. லூகோவோவிலும் தேவாலயத்தைச் சுற்றி ஒன்றுமில்லை. ஆற்றுச் சாலை வளைந்த வழியெல்லாம் சிவப்பு. தம்பி ரங்கெலின் வீடு பத்தொன்பதாவது வட்டம். அதன் அருகே 'கடைசிக் கட்டம்' என்று அவளே எழுதியிருந்தாள்.

"எப்பக்கா வெடிக்கும்?"

"நாளைக்கே இருக்கலாம். லட்சம் வருசமும் ஆகலாம்."

"நம்மூர் பஸ்ஸுக்கு இது பரவால்ல."

முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாயை விட்டு நகரமாட்டேன் என்றான் ரங்கெல். வட்டத்தையே அழித்துவிடலாம் என்று நெவேனா பிளம் சாராயத்தில் பஞ்சை நனைத்தாள். ஒத்திகைக்கு, ஆளில்லாத ஒரு வீட்டின் வட்டத்தைத் துடைத்தாள். நட்சத்திரம் போயிற்று. வீடும், கிணறும், மனையும் கூடவே போய், இருபக்கத்து வீடுகளும் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. அன்றிலிருந்து தகட்டின் அருகே தும்மவும் பயந்தாள். வானாய்வகத் துப்புரவுக்காரி சுத்தத்துக்குப் பேர்போனவள் என்பதால், தகட்டைக் கம்பளியில் சுற்றித் தினமும் தன்னோடு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள்.

லூகோவோவில் யாராவது இறந்தால் வாசற்கதவில் படத்தோடு அறிவிப்பு ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளும், ஆண்டு தவறாமலும் புதிதாக ஒட்டுவார்கள். ஒருமுறையாவது முந்திக்கொள்ள நினைத்த ஊராட்சி எழுத்தர் மின்ச்சோ, 'விரைவில் நம்மைப் பிரியவிருக்கும்' என்று அச்சடித்து, ரங்கெலின் கதவில் ஒட்ட வந்துவிட்டான். கண்ணாடித் தகட்டில் நட்சத்திரங்கள் கறுப்பாகவே பதியும் என்பதால் படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

"டேய், உசுரோட இருக்கறவன் கதவுல ஏண்டா ஒட்டற?"

"நட்சத்திரத்துக்குண்ணே."

"அப்ப கீழ எம்பேரு எதுக்கு?"

"அது விலாசம்."

நெவேனா அதைக் கிழிக்கப் போனாள். கிழித்தால் என்ன ஆகுமோ என்று கை நின்றுவிட்டது. நாற்பது நாள் கழிந்தது, ஓராண்டு கழிந்தது, ஒன்றும் வெடிக்கவில்லை. பதினோராவது ஆண்டின் அறிவிப்பைப் போன வாரம் அவளே பசை தடவி, நான்கு மூலையும் நீவி ஒட்டினாள். பிறகு, மடியில் கம்பளிப் பொதியோடு, தம்பி கட்டிய மிளகாய்ச் சரங்களுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கூரையடியில் மிளகாய் இரண்டே நாளில் காய்ந்துவிடுகிறது.