ஜீப்பின் பின்வாசல் ஓரம்

கதாநாயகியின் மனசு உடைந்துபோயிருக்கிறது என்று காட்ட வீடியோ கேம்களில் ஒரு ரெடிமேட் மசாலா உண்டு. திரை சிவக்கும், இதயம் தடதடக்கும், கொட்டும் மழையில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு அலறுவாள். போடியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து கேம் செய்கிற நானும் அதையேதான் தூவினேன். என் கதாநாயகி, ஜீப் கவிழ்ந்து உயிர் பிழைத்த ஏலத்தோட்டத் தொழிலாளி. சொந்தக் கற்பனை ஒன்றுமில்லை, என் மனைவி நிலாவின் கதைதான்.

போன மழைக்காலத்தில் போடிமெட்டுப் பாதையில் ஒரு வளைவில் ஜீப் சரிந்தபோது, நிலா எல்லோருக்கும் அடியில் கிடந்தாள். முறிந்த கை கூடிவிட்டது. இப்போதும் தோட்டத்துக்கு ஜீப்பில்தான் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறாள். அவள் சரி சொன்னால் கேமை வெளியிடுவது, இல்லையென்றால் அழித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சரி என்றுதான் சொல்வாள் என்ற தெனாவெட்டும் எனக்கு நிறையவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனை அவள் கையில் கொடுத்தேன். வளைவு வந்தது, திரை சிவந்தது, கதாநாயகி அலறினாள். நிலா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏங்க, நான் இப்படியா கத்திக்கிட்டுத் திரியிறேன்?"

"இது உள்ளுக்குள்ள நடக்குறது நிலா."

"என் உள்ளுக்குள்ள நடக்குறது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருநாளாச்சும் கேட்டீங்களா?"

கேட்டதில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"சரி, அழிச்சுர்றேன்" என்று முறுக்கிக்கொண்டேன்.

"அழிக்க யார் சொன்னா? காலையில ஜீப்புல வந்து பாருங்க."

மறுநாள் காலை நானும் போனேன். தோட்டத்து ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஏறுகிறவர்கள் உள்ளே போய்விட வேண்டும், கடைசியில் ஏறுகிறவருக்குத்தான் பின்வாசல் ஓரம். இதை மீறினால் ஜீப்பே ரெண்டுபடும். நிலா முதல் ஆளாக ஏறி, நேராகப் பின்வாசல் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு காலை வெளியே படியில் வைத்துக்கொண்டாள், சாய்ந்தால் குதித்துவிடுவதற்கு. மற்றவர்கள் எல்லாம் அவள் முழங்காலைத் தாண்டித் தாண்டி ஏறினார்கள்.

"மகாராணி காலை மடக்குனா கொறஞ்சா போயிருவ?" என்றார் அவளுடைய அத்தை மாயக்காள்.

"தாண்டிப் போங்க அத்தை, ஒடம்பு எளைக்கும்."

ஜீப்பே சிரித்தது. வாய் கிழியத் திட்டினார்களே தவிர, உள்ளே நகரு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. "மாப்ளே, நீங்க உள்ள போங்க" என்று என்னைத்தான் மூலைக்குத் தள்ளினார்கள்.

நிலா பக்கத்து வீட்டுக் கல்யாணச் சண்டையைக் கை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த வளைவு நெருங்கியதும் கை கம்பியை இறுக்கிப் பிடித்தது, பேச்சு தேய்ந்தது. உடனே மாயக்காள், "அப்புறம் மாப்ள வீட்டுக்காரக என்ன சொன்னாக? வெரசா சொல்லுடி" என்று அதட்டினார். நிலா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். வளைவு பின்னால் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் சிவப்பு, அலறல், மழை எல்லாவற்றையும் தூக்கினேன். வளைவில் பக்கத்திலிருப்பவர்கள் கதை கேட்கிற மாதிரி மாற்றினேன். ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? கடைசிக் கட்டத்தில் ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்தினால் அவள் உள்ளே நகர்ந்து உட்காருவாள், குணமாகிவிட்டாள் என்று திரையில் நட்சத்திரங்கள் கொட்டும்.

"உள்ள போனாத்தான் செயிச்சதாக்கும்?" என்றாள் நிலா. அதையும் தூக்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி விளையாடினாள். ஜீப் மலையேறியது. கதாநாயகி கடைசிவரை பின்வாசல் ஓரத்திலேயே, ஒரு கால் வெளியே வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தோட்டத்து வாசலில் இறங்கி, ஜீப்பிலிருந்து நீட்டிய தூக்குவாளியை வாங்கிக்கொண்டு நடந்தாள். நட்சத்திரம் எதுவும் வரவில்லை.

"அவ்வளவுதான். வெளியிடலாமா?" என்றேன்.

நிலா போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"வேலைக்கு வந்து சேந்துட்டேன்ல" என்றாள். "போடுங்க."