கீழ்வீட்டு வைஃபை

புரூஃப்காரருக்கு வேலையே ஊரார் பிழையைக் கண்டுபிடிப்பதுதான். இருபது வருடமாக ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறார். ஒரு மாதமாக அவருடைய கம்ப்யூட்டர் ஆமையாக நகர்ந்தது. ஃபார்மட் செய்துதான் ஆகவேண்டும் என்றாள் பழுது பார்க்கும் பெண். மனிதர் அசரவில்லை. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, வீட்டு வைஃபை அமைப்பைப் பாஸ்வேர்டோடு ஒரு கோப்பாக்கிச் சேமித்துவிட்டார்.

மறுநாள் காலை அந்தப் பெண் வந்தாள். "வேண்டியதெல்லாம் எடுத்து வச்சிட்டீங்களா சார்? மொத்த டிஸ்க்கையும் துடைக்கப்போறேன்."

"எல்லாம் ஆச்சும்மா. நீ துடை."

இரண்டு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் புது மாப்பிள்ளையாகக் கண் விழித்து, வைஃபை பாஸ்வேர்டு கேட்டது.

"அந்த ஃபைல் எந்தப் பென்டிரைவ்ல இருக்கு சார்?"

"பென்டிரைவா? இதே கம்ப்யூட்டர்ல, டி டிரைவ்ல பத்திரமா வச்சேனே."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள் உண்டு. இவர் பெட்டியையும் சேர்த்துக் கொளுத்தச் சொல்லிவிட்டார்!

"அடுத்தவங்க எழுத்துல ஒரு புள்ளி விட்டுப்போனாலே குதிப்பீங்களே," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. வீட்டில் இருவரிடமும் இருப்பது பட்டன் போன்தான். பாஸ்வேர்டு வேறெங்கும் இல்லை.

"விடுங்க சார். ரௌட்டரை ரீசெட் பண்ணிடலாம். புதுப் பேரு, புதுப் பாஸ்வேர்டு. அஞ்சு நிமிஷம்." அவள் ஒரு குண்டூசியை எடுத்து ரௌட்டரின் பின்புறத் துளையைத் தேடினாள்.

"குத்தாதே!" என்று கத்தினார். அவள் பயந்தே போனாள்.

மாடியில் இருப்பது அவர் தம்பி. இரு வீட்டுக்கும் சேர்த்து இந்த வைஃபையைப் போட்டு, பாஸ்வேர்டு வைத்தது அவன்தான். மாடிப்படிக்கு யார் பல்பு மாற்றுவது என்ற உப்புச்சப்பில்லாத விஷயத்தில் தொடங்கிய சண்டையில் பேச்சுவார்த்தை நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் இவர் வைஃபையில் கை வைக்கவில்லை. இந்த ஒன்றாவது அறுபடாமல் இருக்கிறதே என்று அவருக்கு ஒரு நிம்மதி. இப்போது குத்தினால், தம்பி மனைவி ஆன்லைனில் நடத்தும் வகுப்பு பாதியில் நின்றுபோகும். அண்ணன் வேண்டுமென்றே வெட்டிவிட்டான் என்றுதானே தம்பி நினைப்பான்?

"உங்க தம்பிகிட்டயே கேட்டுடுங்களேன் சார்," என்றாள் விஷயத்தைக் கேட்ட பெண், ஏதோ பக்கத்துக் கடையில் தீப்பெட்டி கேட்பதுபோல.

"நானா? அவன்கிட்டயா?"

"ஆமா, நீங்கதான். பதினாலு படி, ஏறிப்போங்க," என்றாள் மனைவி.

ஏறினார். ஒவ்வொரு படியிலும் மானம் காலைப் பிடித்து இழுத்தது. பாதியில் நின்று, திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தார். குத்திவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் மனம் கேட்கவில்லை.

கதவைத் தம்பிதான் திறந்தான்.

"வைஃபை பாஸ்வேர்டு வேணும். ஃபார்மட் பண்ணதுல போயிடுச்சு."

"ரீசெட் பண்ணா முடிஞ்சுதே."

"உங்களுக்குக் கட் ஆயிடுமேடா."

தம்பி தரையைப் பார்த்தான். "நாங்க அதுல இல்லண்ணா. சண்டை போட்ட மறுவாரமே சிம் போடுற வைஃபை பெட்டி ஒண்ணு வாங்கிட்டேன். எப்படியும் நீ வெட்டிடுவேன்னு நெனச்சேன்."

புரூஃப்காரருக்குச் சுருக்கென்றது. ஒன்றரை வருடம் யாருக்காகக் காவல் காத்தார்? கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அழுகைதான் வந்தது.

"சரி, பாஸ்வேர்டைச் சொல்லு. எழுதிக்கிறேன்," என்று சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

தம்பி வெளியே வந்து கதவைச் சாத்தினான். "நீ எழுத வேணாம், நகரு," என்றபடி முதல் படியில் இறங்கினான். "நானே வந்து போட்டுத் தர்றேன்."